ஆயிரத்துக்கு இருபது சென்ட்

"நாலாயிரத்து இருநூறு பேரு வந்தாவளா?
அப்ப நாலாயிரம் ரூவாக்கு மேல வருமே!"
பால்வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள் அஜிதா.

எண்பத்து நாலு சென்ட் என்றேன்.

"எண்பத்து நாலு சென்ட்டா! எங்க, ரோட்டுப் பக்கமா?"

குலசேகரத்தில் சென்ட் என்றால் நிலம்.
நாலு சென்ட்டில் வீடும் கிணறும் முடித்து
மிச்சத்தில் ஒரு சக்கை மரமும் நிற்கும்.
இது டாலர் சென்ட் என்று சொன்னேன்.
ரெண்டு சாயா, ரெண்டு ஏத்தம்பழ பஜ்ஜி, தீர்ந்தது.

அவளுக்குப் புரியவைக்க
அவள் வாளியையே காட்டினேன்.
உன் பாலைக் கடையில் லிட்டர் கணக்கிலா எடுக்கிறார்கள்?
மெட்ரோலாக்கை உள்ளே மிதக்கவிட்டு
இன்றைக்கு முப்பத்திரண்டு என்பார்,
மழை பெய்த மறுநாள் இருபத்தெட்டு.
உறைந்து ரப்பராவதற்குத்தான் காசு,
மீதி வெள்ளம்.
எனக்கு வருகிறவர்களும் பால்தான்.
வந்த பணத்தை வந்த பார்வையால் வகுத்து
ஆயிரத்தால் பெருக்கினால்
அதுதான் என் மெட்ரோலாக்.
நேற்றைய கணக்கு, ஆயிரத்துக்கு இருபது சென்ட்.

"செம வெள்ளமாக்கும்," என்றாள்.

வெள்ளம்தான்.
பஸ் நேரம் பார்க்க வருகிறவர்
எதற்கு நிற்கப் போகிறார்?
காலை ஐந்து நாற்பதுக்குப் பொன்மனையில் யாரோ
மார்த்தாண்டம் வண்டியைத் தேடி
எட்டு நொடியில் கிடைத்ததும் ஓடிவிடுகிறார்.
ஓடிப்போய் ஏறிவிட்டால் என் பக்கம் நன்றாக வேலைசெய்தது.
ஆனால் அந்த எட்டு நொடியில்
ஓரத்து விளம்பரத்தில் வீட்டுக்கடன் விற்பவனை
அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.
நாலாயிரத்து இருநூறில் பதினொரு விரல்
அதைத் தொட்டிருக்கிறது.
அதில் எத்தனை, மூட வந்து தவறித் தொட்டதோ.

சித்திரையில் ஒருநாள் நியூஜெர்சியிலிருந்து ஒரே ஆள்
திருவட்டாறு திருவிழா ஸ்பெஷல் பஸ்ஸைப் பார்த்து
எதையோ கிளிக் செய்தார், ஒரு டாலர் பத்து.
அருமனைக்காரர் அறுநூறு பேர் சேர்ந்தும் தராதது.
அவர் கண்ணுக்கு அந்த விலை இல்லை,
அவர் பர்ஸுக்கு எவனோ ஏலம் கேட்டிருக்கிறான்.

பிறகு வைகாசியில் எண்கள் தடித்தன.
தினம் நாற்பது கிளிக், எல்லாம் இரவில்,
எல்லாம் கத்தாரிலிருந்து.
நூறு டாலர் தொட்டால்தான் வங்கிக்கு வரும்,
தொண்ணூற்றாறில் நின்றது.
நான் நாகர்கோவிலில் தையல் மெஷின் விலைகூடக் கேட்டு வைத்தேன்.

மாதக் கடைசியில் ஒரு வரி:
செல்லாத கிளிக்குகள், கழிவு முப்பத்தொன்று.

போனில் பெனிற்றோ சிரித்தார்.
"ஷிப்ட் முடிஞ்சு வந்து நானாக்கும் அமுக்குவேன்,
ஒனக்கு வல்லதும் கெடைக்கட்டும்னு."

அன்பை எந்தக் கலத்தில் போடுவது என்று
அந்தக் கணக்குக்குத் தெரியாது.
ஒரே கை, ஒரே போன், ஒரே நேரம்
என்றால் அதற்கு மோசடி.
வாளியில் வெள்ளம் கலந்தவள் போல
எனக்குத்தான் முகம் சுருங்கியது.
அமுக்காதீங்க என்றேன்,
கொஞ்சம் கடுப்பாகவே.
செரி என்று வைத்துவிட்டார்.

ஆனியில் மழை.
அஜிதாவுக்கு வெட்டு இல்லை,
எனக்குப் பள்ளிக்கூட வண்டி தேடி ஒன்பதாயிரம் பேர்,
ஆயிரத்துக்குப் பன்னிரண்டு சென்ட்.
நூறை இன்னும் தொடவில்லை.

நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன் நேற்று.
இந்தியா, அமீரகம், சவுதி,
அடியில் ஒற்றை வரியாய்
கத்தார். பார்வை ஒன்று, கிளிக் பூஜ்யம்,
வருமானம் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.

யாரென்று அறிக்கை சொல்லாது.
எந்தப் பக்கம் என்று சொல்லும்.
நாகர்கோவிலிலிருந்து குலசேகரம், கடைசி வண்டி.
தங்கிய நேரம் பதினாலு நிமிடம்.